காட்டுக் காற்றின் பூஞ்சைகள்: எந்தக் கருவி, எந்தக் காடு?

சென்னையில் தாவரவியலோ நுண்ணுயிரியலோ படிப்பவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பு தேடும்போது காற்றில் மிதக்கும் பூஞ்சைகள் பக்கம் அடிக்கடி வருகிறார்கள். செலவு குறைவு, பெட்ரி தட்டைத் திறந்து வைத்தால் எப்படியும் ஏதாவது முளைக்கும். வகுப்பறை, நூலகம், ஆஸ்பத்திரி வராந்தா, காய்கறி மார்க்கெட் என்று பார்த்து முடித்த பிறகு, கொஞ்சம் ஆர்வம் மிஞ்சியவர்கள் அடுத்ததாகக் கேட்பது: இதையே ஒரு பழைய காட்டுக்குள் செய்தால் என்ன? அருமையான கேள்வி. ஆனால் வகுப்பறையில் செய்த அதே முறையைக் காட்டுக்குள் தூக்கிப் போனால், வகுப்பறைப் பூஞ்சைகளேதான் மறுபடியும் கிடைக்கும். கருவியை மாற்ற வேண்டும், இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு என் முடிவைச் சொல்கிறேன்.

முதலில், பழைய காடு எதில் வேறுபடுகிறது? நிற்கும் மரத்தின் வயது ஒரு பக்கம் இருக்கட்டும். பூஞ்சைக்கு முக்கியம் விழுந்து கிடக்கும் மரம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலையோரத்தில் சாய்ந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேறு வழியில்லை, வண்டி போக வேண்டும். ஆனால் யாரும் கைவைக்காத காட்டில் சாய்ந்த மரம் அந்த இடத்திலேயே வருடக்கணக்கில் கிடந்து மக்குகிறது. பட்டை உரியாத புதுக் கட்டை, உள்ளே வெள்ளையாக நார் நாராகப் பிரியும் கட்டை, கை வைத்தால் உதிரும் கட்டை என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பூஞ்சைகள் உண்டு. இவற்றில் பெரும்பங்கு பெசிடியோமைசீட்ஸ் பிரிவைச் சேர்ந்தவை. காளான்களும், கட்டையில் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டு நிற்கும் கானோடெர்மா போன்றவையும் இந்தப் பிரிவுதான். ஆகவே எந்த முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, கட்டையை மக்கவைக்கும் இந்தக் கூட்டம் அதில் சிக்குமா என்பதைத்தான்.

அவை காற்றில் இல்லாமல் இல்லை. ஒரு கானோடெர்மா தட்டு ஒரு நாளைக்கு 3,000 கோடி வித்துகளை (ஸ்போர்களை) உதிர்க்கும் என்று கனடாவில் வேலை செய்த பூஞ்சை ஆய்வாளர் புல்லர் கணக்கிட்டிருக்கிறார். இத்தனை இருந்தும் நம் பெட்ரி தட்டில் ஒன்றுகூட முளைக்காமல் போகலாம்.

திறந்து வைக்கும் பெட்ரி தட்டு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் பேர் செய்வது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அகார் (பூஞ்சை வளர உதவும் கூழ்) ஊற்றிய 9 சென்டிமீட்டர் தட்டைப் பத்து நிமிடம் திறந்து வைக்கிறோம். மேலே இருந்து விழுவது மட்டுமே அதில் சேரும். வித்து விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அசையாத காற்றில் 10 மைக்ரோமீட்டர் வித்து விநாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். 3 மைக்ரோமீட்டர் வித்து கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். பத்து நிமிடத்தில் பெரியது 1.8 மீட்டர் இறங்கிவிடும், சின்னது ஒரு சாண் உயரம்கூட இறங்காது. அதாவது பெரிய வித்துக்குத் தட்டின் மேல் இருக்கும் சுமார் 11 லிட்டர் காற்றிலிருந்து வருகை இருக்கிறது, சின்ன வித்துக்கு ஒரு லிட்டரிலிருந்து மட்டும். இது அசையாத காற்றின் கணக்கு. காற்று அசைந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. எத்தனை லிட்டர் காற்றைப் பார்த்தோம் என்று சொல்லவே முடியாமல் போய்விடும். அதனால் இரண்டு இடங்களின் தட்டுகளை வைத்து எங்கே அதிகம் என்று எழுதுவதில் அர்த்தம் மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல் முளைப்பில். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் எல்லாம் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ரைசோபஸ் ஒன்று விழுந்தால் மறுநாளே தட்டு முழுக்கப் பஞ்சு படர்ந்திருக்கும். மெதுவாக வளரும் மரப் பூஞ்சைகளுக்கு இடமே இருக்காது. அப்படியே வளர்ந்தாலும் வெறும் வெள்ளை இழைகளாகவே நிற்கும். அடையாளம் சொல்ல வித்தும் இல்லை, காளானும் இல்லை. மரவேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் பெரும்பாலும் அகாரில் முளைப்பதே கிடையாது. கல்யாணப் பந்தியில் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களை எண்ணிவிட்டு ஊர் ஜனத்தொகை இவ்வளவு என்று சொல்வதற்குச் சமம் இது. டைக்ளோரான், ரோஸ் பெங்கால், குளோராம்பெனிகால் சேர்த்த அகார் ஊற்றினால் வேகமாகப் படர்பவை கொஞ்சம் அடங்கும், பாக்டீரியாவும் வராது. அது முன்னேற்றம்தான், ஆனால் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும்.

தட்டு எதற்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. உயிருள்ள பூஞ்சையைக் கையில் பிடித்து வளர்க்க வேண்டும், அதன் நொதிகளைப் பார்க்க வேண்டும் என்றால் தட்டுதான் வழி. எத்தனை வகை இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லாது. முளைத்த தட்டுகளை டேப் ஒட்டி மூடியே வைத்திருங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது.

காற்றை உறிஞ்சும் கருவிகள்

தட்டு முறையிலேயே அளவைச் சரிசெய்த கருவி ஆண்டர்சன் சாம்ப்ளர். 1958-ல் வந்தது. நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை ஆறு அடுக்குச் சல்லடை வழியாக இழுக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் 400 துளைகள், அடியில் ஒரு தட்டு. பெரியவை மேலடுக்கிலும் சிறியவை கீழடுக்கிலும் படியும். காற்றின் அளவு தெரிந்துவிடும், வித்தின் அளவும் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி அறைகளுக்கு மிகப் பொருத்தம். காட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முளைப்பதை மட்டும் பார்க்கும் குறை இதிலும் அப்படியே இருக்கிறது. ஒரு தடவைக்கு ஆறு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எறும்பும் குரங்கும் இருக்கும் காட்டுக்குள் போக வேண்டும். சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டினால் தட்டு நிரம்பிவிடும்.

பர்கார்ட் கருவி வேறு ரகம். ஹர்ஸ்ட் 1952-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வடிவமைத்தது. இன்றும் அதே தத்துவம்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று ஒரு குறுகிய பிளவு வழியாக உள்ளே போய், பிசின் தடவிய நாடாவில் மோதும். நாடா சுற்றியிருக்கும் உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஏழு நாள் தானாக ஓடும். நாடாவை ஒரு நாளைக்கு 48 மில்லிமீட்டர் என்று வெட்டி, ஸ்லைடில் பதித்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மணிக்கு எந்த வித்து வந்தது என்பது வரிசையாகத் தெரியும். இறந்த வித்தும் தெரியும், முளைக்காத வித்தும் தெரியும்.

இந்த மணிக்கணக்கு காட்டுக்கு ரொம்ப முக்கியம். கிளாடோஸ்போரியம், ஆல்டர்நேரியா போன்றவை வெயில் ஏறி இலை காய்ந்து காற்று வீசும் நேரத்தில் கிளம்பும். காளான் வகைகள் அதற்கு நேர்மாறு. வித்தின் அடியில் ஒரு துளி நீர் திரண்டு, அது வித்தோடு சேர்ந்து கலக்கும் விசையில்தான் வித்து எகிறுகிறது. ஈரம் இல்லாமல் அது நடக்காது. அதனால் இவை நள்ளிரவுக்கு மேல் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும். காலை பத்து மணிக்குக் காட்டுக்குப் போய் மதியம் திரும்பி வரும் ஆய்வில் இந்தக் கூட்டமே பாதிக்கு மேல் தவறிப்போகும். எந்தக் கருவி வாங்கினாலும் 24 மணி நேரம் ஓட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஸ்லைடைப் பார்ப்பது பழகப் பழகச் சுகமான வேலை. கானோடெர்மா வித்து பொன்பழுப்பாக, ஒரு முனை வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக, இரட்டைச் சுவரோடு இருக்கும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே சின்னச் சின்னத் தூண்கள் தெரியும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நைக்ரோஸ்போரா கருகருவென்று வழவழப்பான உருண்டை. டெட்ராப்ளோவாவுக்கு நான்கு கொம்புகள். ஆனால் மற்ற பல காளான் வித்துகள் நிறமில்லாத முட்டைகள். பேரினம்கூடச் சொல்ல முடியாது, பெசிடியோ வித்து என்று ஒரே கட்டத்தில் போட வேண்டியதுதான். நூறு வகை இருந்தாலும் அட்டவணையில் ஒரு வரி. பர்கார்டின் எல்லை இது. இன்னொன்று, அடையாளம் காணும் கண் ஒரு செமஸ்டரில் வராது. அந்த விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. காளான் உண்டாக்காமல் இழைகளிலேயே வித்து விடும் ஹைபோமைசீட்ஸ் பூஞ்சைகளின் வகைப்பாட்டில் உலகம் அறிந்த சி.வி. சுப்ரமணியன் மெட்ராஸ் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் வேலை செய்தவர். அந்த வழியில் பயின்று வந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஸ்லைடை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.

கருவி இறக்குமதி, விலை லட்சங்களில். வெறும் வாசலின் தடவிய நாடா சென்னை மே மாத வெயிலில் இளகும்; பாரஃபின் மெழுகு கலந்துகொள்ளுங்கள், அல்லது சிலிகான் கிரீஸ் பயன்படுத்துங்கள். சுழலும் குச்சியில் வித்து ஒட்டும் ரோட்டோராட் மலிவு, பேட்டரியில் ஓடும். பெரிய வித்துகளை நன்றாகப் பிடிக்கும், சிறியவற்றைக் கோட்டைவிடும். கானோடெர்மாவும் மற்றக் காளான் வித்துகளும் பெரும்பாலும் அந்த நடுவாந்திர, சிறிய அளவில் வருவதால் இதற்கு நான் போக மாட்டேன்.

டிஎன்ஏ வழி

காற்றை வடிதாள் வழியாகவோ சூறாவளிபோல் சுழற்றும் கருவி வழியாகவோ இழுத்து, சேர்ந்த தூசியிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பூஞ்சை வகைகளை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை மட்டும் பெருக்கி வரிசைப்படுத்துவது இந்த முறை. பூஞ்சைகளின் அதிகாரப்பூர்வ பார்கோடாக ஐடிஎஸ் 2012-ல் முன்வைக்கப்பட்டது. முளைக்க வேண்டியதில்லை, உருவத்தில் வேறுபாடு தெரிய வேண்டியதில்லை. ஸ்லைடில் ஒரே வரியாக இருந்த நிறமற்ற முட்டைகள் இங்கே நூற்றுக்கணக்கான வகைகளாகப் பிரியும். ஜெர்மனியில் மைன்ஸ் நகரக் காற்றை இப்படிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஆஸ்கோமைசீட்ஸைவிட (ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இருக்கும் பிரிவு) பெசிடியோமைசீட்ஸ் வகைகளே அதிகம் வந்தன. தட்டு முறை பல வருடங்களாகக் காட்டிவந்த படம் இதற்கு நேரெதிர்.

காட்டுக்கு இது பொருந்தும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பின்லாந்தில் நகரங்களையும் இயற்கைப் பகுதிகளையும் ஒப்பிட்டு 2020-ல் வந்த ஆய்வு, நகரமயத்தால் பூஞ்சை வகைகள் குறைவது மண்ணைவிடக் காற்றில் அதிகமாகத் தெரிகிறது என்று காட்டியது. 2024-ல் உலகம் முழுக்க 47 இடங்களில் ஒரே மாதிரிக் கருவி வைத்து, 24 மணி நேர மாதிரிகள் எடுத்து வெளியான ஆய்வில் மிகப் பெரும்பாலான வகைகள் ஏதோ ஒரு தட்பவெப்ப மண்டலத்தில் மட்டுமே கிடைத்தன. வெப்பமண்டலத்தில்தான் வகைகள் அதிகம். சென்னையில் இருந்து இந்த வேலையைச் செய்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

அந்தத் திட்டத்தில் பயன்பட்டது சூறாவளி வகைக் கருவி. நிமிடத்துக்கு 16.5 லிட்டர் இழுத்து, வித்துகளை நேராக ஒரு சின்ன எப்பென்டார்ஃப் குழாயில் சேர்க்கும். ஒரு நாளில் கிட்டத்தட்ட 24 கன மீட்டர் காற்று. ஆய்வகத்துக்கு எடுத்துவரச் சுலபம். இதுவும் இறக்குமதிதான். அதைவிட மலிவான வழி 12 வோல்ட் பம்பும் 47 மில்லிமீட்டர் வடிதாளும். வடிதாள் கீழ்நோக்கி இருக்க, மேலே மழைக்கு ஒரு மூடி. நகரத் தூசியில் வடிதாள் அடைத்துக்கொண்டு ஓட்டம் குறையும். தொடங்கும்போதும் முடியும்போதும் ஓட்டத்தை அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

இதன் குறைகளை மறைக்கக் கூடாது. ஒரு பூஞ்சையின் செல்லில் ஐடிஎஸ் பிரதிகள் சில பத்து இருக்கும், இன்னொன்றில் சில நூறு. அதனால் ஒரு வரிசை எத்தனை தடவை வாசிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை வித்து எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிருள்ளதும் இறந்ததும் பிரியாது. வித்தின் சுவர் கெட்டி. சின்ன உருண்டை மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைக்காவிட்டால் கருப்பு வித்துகள் டிஎன்ஏவைத் தராது. காற்றில் கிடைக்கும் டிஎன்ஏ மிகச் சொற்பம் என்பதால் ஆய்வகத்துப் பூஞ்சை உள்ளே புகுந்தால் அதுவே பெரிதாகத் தெரியும். காட்டுக்குக் கொண்டுபோய்ப் பம்ப் போடாமலே திரும்பக் கொண்டுவரும் வெற்று வடிதாள் ஒவ்வொரு தடவையும் கட்டாயம். அப்புறம், வந்த வரிசைகளில் கணிசமானவை எந்தப் பெயரோடும் பொருந்தாது, ஏனென்றால் நம் காட்டுக் காளான்களின் வரிசைகள் தரவுத்தளத்தில் குறைவு. இதற்கு நான் பார்த்த நல்ல மருந்து, மாதிரி எடுக்கும் அதே நாட்களில் தரையைப் பார்த்து நடப்பது. முதல் மழைக்குப் பின் கரையான் புற்றில் கிளம்பும் புற்றுக் காளான், கட்டையில் நிற்கும் தட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து, அனுமதி இருந்தால் ஒரு துண்டு சேகரித்து அதன் ஐடிஎஸ்ஸையும் வரிசைப்படுத்தினால் காற்றில் வந்த பெயரில்லாத வரிசைகளில் சிலவற்றுக்காவது ஆள் தெரிந்துவிடும்.

எந்தக் காடு

கிண்டி தேசியப் பூங்கா எல்லார் நினைவிலும் முதலில் வரும். சுமார் 270 ஹெக்டேர், உலர் பசுமைமாறாக் காட்டு வகை. மாதிரி எடுத்த அரை மணியில் ஆய்வக உறைபெட்டியில் வைத்துவிடலாம். இது சாதாரண வசதி இல்லை, டிஎன்ஏ வேலையில் பாதித் தலைவலி போக்குவரத்தில்தான். ஆனால் இதைப் பழைய காடு என்று எழுத மாட்டேன். ஆளுநர் மாளிகைத் தோட்டமாக இருந்த இடம், மான்கள் அதிகம், நாலு பக்கமும் நகரம். பகலில் கடற்காற்றும் இரவில் மேற்கிலிருந்து நிலக்காற்றும் வெளிக்காற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் அழகானது, 1989-ல் அடிமரம் சாய்ந்த பின்னும் அந்தப் பெரிய ஆலமரம் விழுதுகளில் நிற்கிறது. என்றாலும் அது நட்டு வளர்த்த தோப்பு. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, புதுச்சேரிக்கு முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. கிண்டியைப் போலவே உலர் பசுமைமாறாக் காடு, ஆனால் சாமி காடு என்பதால் வெட்டாமல் காத்தது. ஒரே கடற்கரை, ஒரே வடகிழக்குப் பருவமழை, ஒரே காட்டு வகை. வேறுபாடு பெரும்பாலும் காட்டின் வயதிலும் கட்டையிலும்தான். ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி சென்னைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. கோயில் நாட்களில் கூட்டமும் புகையும் இருக்கும், அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஊர்க்காரர்களிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முதலில் போய்ப் பேசுங்கள், கருவியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான்.

நீலகிரிச் சோலைகள் உண்மையான பழைய காடு, சந்தேகமே இல்லை. ஆனால் இங்கிருந்து போய் ஒன்றிரண்டு தடவை மாதிரி எடுத்துவந்து சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு காட்டின் வயதாலா, உயரத்தாலா, குளிராலா என்று பிரிக்க முடியாது. கோவையிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

என் முடிவு

ஒரு வருடம், ஒரு மாணவர், சுமாரான பணம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது வடிதாளும் டிஎன்ஏவும். இடம் கோயில் காடு, கிண்டி, நகரத்துக்குள் ஒரு கல்லூரி மொட்டைமாடி என்று மூன்று. விலை உயர்ந்த ஒரு கருவியை மூன்று இடத்துக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போவதைவிட மலிவான மூன்று பம்புகளை ஒரே நாளில், அந்தந்தத் தளத்திலிருந்து ஒரே உயரத்தில், 24 மணி நேரம் ஓட்டுவது பல மடங்கு மேல். நேற்று மழை, இன்று வெயில் என்றாலே காற்றுப் பூஞ்சைகள் மாறிவிடும். வேறு வேறு நாளில் எடுத்தால் காட்டைப் பார்க்கிறோமா, வானிலையைப் பார்க்கிறோமா என்று சொல்ல முடியாது. மாதிரி நாட்களை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும், அப்புறம் ஏப்ரல், மே என்று இரண்டு கொத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துறையில் ஏற்கெனவே பர்கார்ட் இருந்தால் அதைக் கோயில் காட்டில் வையுங்கள், மணிக்கணக்கு கூடுதல் லாபம்.

வரிசைப்படுத்தப் பணமே இல்லை, நுண்ணோக்கி மட்டும்தான் என்றால் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். மொத்தப் பன்மையை விட்டுவிட்டு கானோடெர்மா வித்து மூன்று இடங்களிலும் எந்த மணியில் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். சந்தேகமில்லாமல் அடையாளம் தெரியும் வித்து. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமான பேரினமும் அதுவே என்பதால் பயனும் உண்டு. இரவல் பர்கார்ட் கிடைத்தால் முழுமையான ஆய்வாகவே அமையும்.

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அனுமதி. கிண்டி தேசியப் பூங்கா என்பதால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்; காளான் துண்டு எடுப்பதையும் இரவு முழுக்கக் கருவி வைப்பதையும் விண்ணப்பத்திலேயே தனித்தனியாக எழுதிவிடுங்கள். வரிசைப்படுத்தலை இந்திய ஆய்வகத்திலேயே செய்யுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது, நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். அக்டோபர் மழைக்குக் காட்டில் இருக்க வேண்டும் என்றால் விண்ணப்பம் கோடையிலேயே போயிருக்க வேண்டும். அனுமதி வரும்வரை பம்பைக் கல்லூரி மொட்டைமாடியில் ஓட்டி, வெற்று வடிதாள் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.